ஒற்று மிகும் இடம்

பதினோராவது அத்தியாயத்தில் அவள் வந்தாள்.
முழங்கால் தெரியும் கவுன், உதட்டுச் சாயம்,
கூடவே ஒரு நாய்.
எழுத்தாளர் மைப் பேனாவால் எழுதுகிறவர்.
அவள் வரும் பக்கங்களில் மட்டும்
அடித்தல் திருத்தல் இல்லை.
நன்றாகத் தெரிந்த ஒன்றை எழுதுவதுபோலக்
கை ஓடியிருக்கிறது.

எம்.சி. ரோட்டில், புடவைக் கடைக்கு மேல் மாடியில்,
பக்கத்துக்கு இருபத்தைந்து ரூபாய்க்கு நான் அடிக்கிறேன்.
கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி,
சீட்டுக் கம்பெனி ரசீது,
எப்போதாவது நாவல்.

'சட்டைக்காரி' என்று எழுதியிருந்தார்.
அடித்தேன்.
'பாதி ரத்தம்' என்று எழுதியிருந்தார்.
அதையும் அடித்தேன்.
எந்தப் பாதி என்று அவர் சொல்லவில்லை.
இடதா வலதா, இடுப்புக்கு மேலா கீழா.
காசிமேட்டில் வஞ்சிரத்தைத் துண்டு போடுகிறவள்கூடத்
தலையா வாலா என்று கேட்டுவிட்டுத்தான்
கத்தியை வைப்பாள்.

அந்தக் கத்தி என் அம்மாவுடையது.
தேசம்மாள். பெயரிலேயே தேசம் இருந்ததாலோ என்னவோ
எந்த ஊர் என்று அவளை யாரும் கேட்டதில்லை.
அப்பா டெஸ்மண்ட் பெய்லி. சரக்கு வண்டி ஓட்டினார்.
மீன்காரி வீட்டுக்கு மாப்பிள்ளையான குற்றத்துக்கு
பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில்
மூன்று கிறிஸ்துமஸ் அவரை ஆட அழைக்கவில்லை.
குப்பத்தில் அழைத்தார்கள்.
அந்த அடிக்கு அவருக்குக் கால் வரவில்லை.

ரேஷன் கார்டில் நான் நூரின் பேலி.
நோன்பு மாதத்தில் கடைக்காரர்
பச்சரிசியைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டார்.
நான் பொய் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.
கஞ்சி நன்றாக இருந்தது.

நாவலில் அவள் பேசுகிறாள்:
'நான் எந்தக் கரையும் இல்லாதவள், டார்லிங்.'
எங்கள் தெருவில் டார்லிங் என்பது
மூலக்கடைப் பக்கம் ஓடும் ஒரு ஷேர் ஆட்டோவின் பெயர்.
எனக்குக் கரை இருக்கிறது.
பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள்.
கொஞ்சம் நாறும்.

பன்னிரண்டாவது அத்தியாயம், மூன்றாம் வரி:
'அவளது உடைந்த தமிழ் அவனுக்கு பிடித்திருந்தது.'
விரல் நின்றது.
'அவனுக்கு' முடிந்து 'பிடித்திருந்தது' தொடங்கும் இடத்தில்
ஒரு ப் இல்லை.
நான்காம் வேற்றுமைக்குப் பின் வல்லினம் மிகும்.
எட்டாம் வகுப்பில் முட்டி போட்டுப் படித்தது.
ப் போட்டேன்.
பிறகு அவருடைய தமிழ் உடைந்த இடங்களை
எண்ணிக்கொண்டே போனேன்.
இருநூற்றுப் பதினேழு.
'அவளை பார்த்தான்' என்றே
நாவல் முழுக்க எழுதியிருந்தார்.
ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி வைத்த எழுத்து.
அவளைப் பார்த்தான்.
இப்போதுதான் பார்த்தான்.

கடைசி அத்தியாயம். வேறென்ன, தண்டவாளம்.
வியாசர்பாடி ஜீவாவுக்கு அப்புறம், மழை,
செவ்வாய்க்கிழமை இரவு,
பன்னிரண்டு ஐந்துக்குச் சரக்கு வண்டி.
கப்பலேறிப் போகாதவளுக்குக்
கதைகளில் வேறு போக்கிடம் கிடையாது.
நாய் என்ன ஆனது என்று எழுதவில்லை.
'செத்தாள்' என்பதையும் அடித்தேன்.
என் வேலை அடிப்பது.

ஓரத்தில் மட்டும் பென்சிலால்:
ஐயா, நாவல் நடக்கும் வருஷத்தில்
செவ்வாய் ராத்திரி அந்த லைனில் பராமரிப்பு வேலை.
வண்டி விடமாட்டார்கள்.
வாரத்தில் அந்த ஒரு ராத்திரிதான்
என் அப்பா வீட்டில் தூங்கினார்.
நேரத்தைச் சரிபார்க்கவும்.

ஒரு வாரம் ஆகிறது, பதில் இல்லை.
அவள் மழையில் நிற்கிறாள்,
வண்டி வராத தண்டவாளத்தில்.
ரொம்ப நேரம் நிற்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.
கால் வலிக்கும். பசிக்கும்.
கவுன் நுனியைப் பிழிந்துவிட்டுச்
சரளைக் கல்லில் இறங்கி
நாயை ஒரு சத்தம் போட்டுக் கூப்பிட்டு
கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணி நிக்குதா என்று
யாரையாவது கேட்பாள்,
உடையாத தமிழில்,
ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்து.